ஓரம் கொடுக்காதவள்

திங்கட்கிழமை காலை கமலாட்சி மோட்டார் சைக்கிளை முற்றத்துக்கு உருட்டி வந்தபோது, அவள் புருஷன் தியாகராஜா பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய ஹெல்மெட்டோடு படியிறங்கினான். ஹெல்மெட் அவன் தலைக்குப் பெரிது. தலையைத் திருப்பினால் ஹெல்மெட் திரும்பாமல் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தது. அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருக்கும் அவன் அன்றைக்கு அரை நாள் லீவு போட்டிருந்தான். கையை முறித்துக்கொண்டு மாதக்கணக்காக வீட்டுக்கும் பஸ்ஸுக்குமாக அலைந்த மனைவி இனிமேல் மோட்டார் சைக்கிள் ஓட்டலாமா கூடாதா என்று பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வதற்காக அந்த லீவு. அவனுக்குச் சைக்கிள்கூட ஒழுங்காக ஓட்ட வராது. தீர்ப்புச் சொல்ல அது ஒரு குறையாக அவனுக்குத் தோன்றவில்லை.

கமலாட்சி விவசாயப் போதனாசிரியை. மாத்தளையிலிருந்து நாவுலைக்குப் போய், அங்கிருந்து பெரிய வெங்காயம் போட்டிருக்கும் தோட்டங்களுக்குள் இறங்கிவிட்டால் அவள் வேறு பெண். வரப்பில் நின்று வெங்காயத் தாளைப் பிரித்துப் பார்த்து, என்ன பூச்சி, என்ன மருந்து என்று அவள் சொல்வதைக் கேட்க ஆட்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வருவார்கள். அந்தத் தோட்டங்களுக்குப் பஸ் இல்லை. மோட்டார் சைக்கிள் இல்லையென்றால் வேலையும் இல்லை. மாத்தளை டவுனில் ஒரு மேசை வேலை காலியாக இருப்பதைத் தியாகராஜா மோப்பம் பிடித்து, பேச வேண்டியவர்களிடம் பேசியும் வைத்திருந்தான். இன்றைக்கு ஓட்டம் சரிவராவிட்டால் நாளைக்கே அவள் அந்த மேசையைக் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் இருவருக்கும் இடையில் இருந்த பேச்சு. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து மற்றவர்கள் எழுதி அனுப்பும் வெங்காயத்தைக் கூட்டிக் கழிக்க அவளுக்கு மனமில்லை.

எல்லாம் சமாதானம் வந்த பிறகு வந்த வினை. சண்டை நடந்த காலத்தில் ரோட்டில் எத்தனையோ பயம் இருந்தது, ஆனால் வேகம் இருக்கவில்லை. சோதனைச்சாவடி வரும், ரோட்டில் குறுக்கே வைத்த பீப்பாய்களுக்கிடையில் வளைந்து வளைந்து போக வேண்டும், எப்பேர்ப்பட்ட காரும் பெட்டிப்பாம்பாக ஊரும். யுத்த நிறுத்தம் வந்து, யாழ்ப்பாணப் பாதையும் திறந்ததும் பீப்பாய்கள் போயின. கொழும்பிலிருந்து வடக்கே போகிற கார்களும் வேன்களும் அவிழ்த்துவிட்ட மாடுகளாக ஓடத் தொடங்கின. அப்படி ஓடுகிறவர்கள்கூட ஓர் இடத்தில் நிற்பார்கள். டவுனைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், வளைவு முடிகிற இடத்தில், தண்ணீர் ஓடும் ரோட்டோரக் கானை ஒட்டி ஒரு சின்னப் பிள்ளையார் இருந்தார். அவருக்கு முன்னால் ஓர் உண்டியல். எந்த மதத்துச் சாரதியாக இருந்தாலும் சில்லறை போட்டுக் கும்பிடாமல் தாண்டமாட்டான். போடுவது நல்ல காரியந்தான். சிக்னல் போடாமல் நிற்பதுதான் கெட்ட காரியம். ஓட்டிக்கொண்டே வருவார்கள், பிள்ளையாரைக் கண்டதும் திடீரென்று பக்தி பொங்கும், இடது பக்கம் வெட்டி நிற்பார்கள்.

கை முறிந்த அன்றைக்குக் கமலாட்சி நல்ல பிள்ளையாக ரோட்டின் ஓரத்தில் போய்க்கொண்டிருந்தாள். எல்லோரையும்போல அவளும் அந்த வளைவில் வலது கையை எடுத்து நெற்றியில் தொட்டு, நெஞ்சில் தொட்டாள். ஒரு கார் அவளை முந்தி வந்து அப்படியே இடது பக்கம் வெட்டியது. முன்பிரேக் வலது கைக்குரியது. வலது கையோ அப்போது பிள்ளையாருக்குரியதாக இருந்தது. அவள் பம்பரில் மோதி, கானுக்குள் போய் விழுந்தாள். காரிலிருந்து இறங்கியவர், பின்னால் வந்து இடித்தவர் மேல்தான் பிழை என்று சொல்லிவிட்டுச் சில்லறையையும் போட்டுவிட்டுப் போனார். பொலிசிலும் அதையேதான் சொன்னார்கள். சட்டம் அப்படித்தானாம்.

மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தபோது ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். அவள் மாமியார் சுந்தரம்மா, "ஒரு நாளாவது எறங்கி ஒரு சூடம் கொளுத்தியிருப்பாளா? ஓடிக்கிட்டே கும்பிட்டா சாமி ஏத்துக்குவாரா?" என்றாள். தியாகராஜா அதையே ஒரு நிபந்தனையாக்கினான். மறுபடியும் ஓட்டுவதென்றால் தினமும் பிள்ளையாரிடம் நிறுத்திச் சூடம் கொளுத்திவிட்டுத்தான் போக வேண்டும். ரோட்டில் ஓரம், இன்னும் ஓரம், கானை ஒட்டியே போக வேண்டும்.

"ரெண்டும் முடியாது" என்றாள் கமலாட்சி. "அந்த எடத்துல நிக்கிறவங்களாலதான் எனக்குக் கை ஒடைஞ்சிச்சி. நானும் அங்க போயி நின்னா எனக்குப் பின்னால வாறவளுக்கு ஒடையும். ஓரமாப் போனதாலதான் கானுக்குள்ள கெடந்தேன்."

"அப்ப நடு ரோட்டுலயா போவ?"

"ஆமா."

சுந்தரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மருமகளுக்குத் தலையிலும் அடிபட்டிருக்கிறது, டாக்டர்மார் கவனிக்கவில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்லவும் செய்தாள்.

கட்டுப் போட்ட கையோடு அவள் நாவுலை வரைக்கும் பஸ்ஸில் போன நாட்களில் சாரதிக்குப் பின்னால் உள்ள சீட்டைத்தான் பிடிப்பாள். மற்றவர்கள் தூங்குகிற நேரத்தில் அவள் ரோட்டைப் படித்தாள். சிக்னல் விளக்கை நம்புவதில் பலனில்லை, அது பல பேருக்கு வண்டியோடு வந்த அலங்காரம். முன்சக்கரத்தைப் பார்க்க வேண்டும், சில்லு பொய் சொல்லாது. அதற்கும் முன்னால் சாரதியின் பிடரியைப் பார்க்க வேண்டும். இடது பக்கம் இளநீரையோ பிள்ளையாரையோ கண்டால் முதலில் தலை சாயும், பிறகுதான் கார் சாயும். குறுக்கு ரோட்டிலிருந்து வருகிறவன் லொறி வருகிறதா என்றுதான் பார்ப்பான், மோட்டார் சைக்கிளை அவன் கண் வெறும் காற்றென்று கடந்துவிடும். இதெல்லாம் தெரிந்தபோது அவளுக்குப் பயம் கூடவில்லை, கோபம்தான் கூடியது. ஓரமாகப் போகிறவளை யாரும் சுற்றிப் போவதில்லை, உரசிக்கொண்டுதான் போகிறார்கள். ஓரம் கொடுக்கக் கொடுக்க இன்னும் கொஞ்சம் கேட்கிறார்கள். கொடுத்துக்கொண்டே போனால் கடைசியில் கான்தான் மிச்சம்.

இந்தத் திங்கட்கிழமை டவுனைத் தாண்டியதும் அவள் சொன்னபடியே தன் பக்கத்துப் பாதியின் நடுவுக்கு வந்தாள். பின்னால் ஒரு வேன் ஹோர்ன் அடிக்கத் தொடங்கியது. தியாகராஜா அவள் தோளைத் தட்டினான்.

"ஓரம் குடு. ஓரம் குடு கமலா."

அவள் கண்ணாடியைப் பார்த்தாள், வேகத்தைக் குறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை. வேன் குரைத்துக்கொண்டே வந்தது. எதிரே ரோடு காலியானதும், வேறு வழியில்லாமல், அந்தப் பக்கம் முழுதாக விலகிச் சுற்றிக்கொண்டு போனது. போகும்போது சாரதி தலையை நீட்டி, வீட்டுக்குப் போய்ச் சோறு ஆக்கு என்று சிங்களத்தில் கத்தினான்.

"ஆக்கி வச்சிட்டுத்தான் வந்தேன்!" என்று அவளும் சிங்களத்தில் கத்தினாள். தியாகராஜா கூச்சத்தில் இரவல் ஹெல்மெட்டுக்குள் சுருங்கினான். கச்சேரியில் யாராவது பார்த்திருப்பார்களோ என்ற பயம் அவனுக்கு.

வளைவு வந்தது. ஒரு வெள்ளைக் கார் ஹோர்ன் அடித்து, அவளை விலக்க முடியாமல், அகலமாகச் சுற்றி முன்னால் போனது. அவள் உடனே கொஞ்சம் பின்தங்கி இடைவெளி விட்டாள். பிள்ளையார் தெரிந்தார். பழக்கதோஷத்தில் வலது கை துடித்தது. அவள் அதை எடுக்கவிடவில்லை. மன்னிச்சிக்கோ சாமி, இந்தக் கை இப்ப பிரேக்குக்கு வேணும் என்று மனதுக்குள் சொன்னாள். சொல்லும்போதே முன்னால் காரோட்டியின் பிடரி இடது பக்கம் சாய்ந்தது.

கார் வெட்டி நின்றது, பாதி உடம்பு ரோட்டில். கமலாட்சி இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தாள். தியாகராஜா பின்னாலிருந்து தலைக்குமேல் இரண்டு கைகளையும் கூப்பியிருந்ததால் பிடிக்க எதுவுமில்லாமல் அவள் முதுகில் மோதினான். ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் முட்டின. மோட்டார் சைக்கிள் காரைத் தொடாமல் நின்றது.

காரின் இடது சில்லு கானின் விளிம்பில் ஏறி நின்றது. காருக்கும் கானுக்கும் இடையில் ஒரு கை நுழையவும் இடமில்லை. தியாகராஜா போகச் சொன்ன ஓரம் அதுதான். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காரின் கதவு ரோட்டுப் பக்கமாகத் திறந்தது. வேட்டியும் தங்கச் சங்கிலியுமாக ஒரு பெரியவர் கையில் சில்லறையோடு இறங்கினார். கமலாட்சி ஹோர்னை அழுத்தினாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"என்ன பிள்ளை? சாமிக்குத்தானே நிப்பாட்டினனான். சுத்திக்கொண்டு போகலாம்தானே, இடம் கிடக்கு."

"போகமாட்டேன். எதிர்ல என்னா வருதுன்னு எனக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது. பின்னால வளைவு, வாறவனுக்கு நம்மள தெரியாது. அந்தா, மதகுக்கு அங்கிட்டுப் பெரிய வெளி கெடக்கு. காரை அங்க விட்டுட்டு நடந்து வாங்க. சாமி எந்திரிச்சி ஓடிறமாட்டாரு."

"எத்தினையோ வருசத்துக்குப் பிறகு ஊருக்குப் போறன், பிள்ளை" என்றார் அவர். அது அவளையும் தொட்டது. ஆனாலும் அவள் ஹோர்னிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"போங்க ஐயா. உசிரோட போய்ச் சேருங்க. நாங்களும் உசிரோட வேலைக்குப் போகணும். காரை எடுங்க."

"விடு கமலா, ஆளுங்க பாக்குறாங்க..." என்று தொடங்கிய தியாகராஜா பாதியில் நிறுத்தினான். வளைவுக்குப் பின்னால் ஒரு கனமான வண்டி கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. மனைவி அசையவில்லை. அவள் காலை ஊன்றி ரோட்டின் நடுவில் நின்றாள், கண்ணாடியில் பின்னால் பார்த்தாள், முகம் வெளுத்திருந்தது. அப்போதும் அவள் ஓரத்துக்கு ஒதுங்கவில்லை. ஒதுங்க ஓரம் இல்லை.

அவன் இறங்கினான். என்ன செய்யப்போகிறோம் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. வேட்டைக்குப் போகிறவனைப்போல அல்ல, பஸ்ஸைத் தவறவிட்ட கிளார்க்கைப்போலத்தான், சப்பாத்து தடதடக்க வளைவை நோக்கி ஓடினான். கண்ணை மறைத்த ஹெல்மெட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ரோட்டின் நடுக்கோட்டில் போய் நின்றான்.

"நிப்பாட்டு! டேய், நிப்பாட்டுடா!"

வீட்டிலும் கச்சேரியிலும் யாரும் கேட்டிராத குரல். தம்புள்ளைச் சந்தைக்கு முட்டைக்கோவா ஏற்றிப்போகிற லொறி மூச்சுவிட்டுக் குலுங்கி நின்றது. அதன் பின்னால் ஒரு பஸ், ஒரு வேன், இன்னும் ஒரு லொறி. எல்லா ஹோர்ன்களும் ஒரே நேரத்தில் அலறின. பெரியவர் கார்க் கதவைப் பிடித்தபடி, உண்டியலையும் கமலாட்சியையும் மாறி மாறிப் பார்த்தார். சில்லறை இன்னும் கைக்குள்தான் இருந்தது. அவள் கண்ணாடியில் பார்த்தாள். அவ்வளவு பெரிய லொறியின் முகத்துக்கு எதிரே, பிள்ளையாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்தபடி தியாகராஜா நின்றான். லொறிக்காரன் ஓரமாகப் போகச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். தியாகராஜா ஓரடி நடுவுக்கு நகர்ந்தான்.