டின்னுக்குள் வெடித்த காய்கள்

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அக்காவுக்கு நெஞ்சு குறுகுறுத்ததோடு விடவில்லை. தங்கைக்குக் கொண்டு வந்த தண்ணீரில் பாதியைத் தரைக்குக் கொடுத்துவிட்டாள்.

தங்கைக்கு வீட்டில் 'ஆபீசர்' என்று பட்டப்பெயர். பயறு ஆராய்ச்சி நிலையத்தில் புது ரகம் உருவாக்குகிறவள். மஞ்சள் நோய் வந்தால் வயலில் ஒரு செடியும் தப்பாது. அதைத் தாங்குவது ஒரு காட்டுப் பயறு மட்டும்தான். அதையும் வயல் பயறையும் கலந்து ஒரு ரகம் கொண்டு வந்தாள். நோய் நின்றது. ஆனால் காட்டுப் புத்தியும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. முற்றிய காய், வெயில் பட்டதும் முறுக்கிக்கொண்டு வெடித்து, பயறை மண்ணில் இறைத்தது. அந்தக் குணத்தைக் கழித்துக்கட்டத்தான் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். இந்தத் தடவையும் வெடித்தால் ஆராய்ச்சியையே மூடிவிடுவேன் என்று மேலதிகாரி கறாராகச் சொல்லியிருந்தார்.

சோதனைப் பாத்தி அக்காவின் வயலில் இருந்தது. காய்களைப் பறிக்காமல் செடியிலேயே காயவிட்டு, வெடித்தவற்றை எண்ண வேண்டும். இன்று வெயில் ஏறியதும் எண்ணிவிட்டு, முகமெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்திருந்தாள் ஆபீசர்.

"அக்கா, அங்கொண்ணும் இங்கொண்ணும்தான் வெடிச்சிருக்கு! என்னால நம்பவே முடியல."

"நல்லதாப் போச்சு. சாப்பிடு."

"காட்டுல வெடிக்காத காய்க்குப் பிழைப்பே இல்லக்கா. விதை தாய்ச்செடி காலடியிலயே கிடந்து வீணாப் போயிடும். என்னைக்கோ ஒருத்தி பறிக்கப் போயிருக்கா. வெடிச்சதெல்லாம் மண்ணுக்குப் போச்சு, வெடிக்காம நின்னது அவ கூடைக்கு வந்துச்சு. அதையே விதைச்சா. அவளுக்குப் பின்னால வந்தவங்களும் அதையே விதைச்சாங்க. பறிச்ச கைதான் பயறையே மாத்துச்சு."

பறிச்ச கை. அக்கா தன் கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். கட்டைவிரல் நகத்தில் காம்பின் கறை இன்னும் போகவில்லை.

தாய் இல்லாத வீட்டில் தங்கையைத் தூக்கி வளர்த்தவள் அவள். தங்கைக்குப் பள்ளிக்கூடத்தில் வரையச் சொன்ன படமெல்லாம் அக்கா வரைந்ததுதான். மேலதிகாரி மிரட்டியதைச் சொல்லித் தங்கை போனில் அழுததைக் கேட்ட பிறகு அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. பாத்தியில் காய் வெடிக்கத் தொடங்கியதும் அதைத் தானே தடுப்பது என்று முடிவு செய்தாள். பனி ஈரத்தில் காய் வெடிக்காது, பயறு பறிக்கிற எவருக்கும் தெரியும். அதனால் தினமும் விடியலில் போய், காயின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்து, இன்றைக்கு வெடித்துவிடும் என்று தோன்றியதை எல்லாம் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். இன்று விடியலிலும் போயிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. கிள்ளியதைத் தூக்கி எறிந்திருந்தாலாவது தப்பித்திருப்பாள். விதையை எறிய மனசு வருமா? பிஸ்கட் டின்னில் போட்டு, தகரக் கூரைக்குக் கீழே அலமாரி உச்சியில் வைத்துவிட்டாள்.

டிக்.

தங்கை தலையைத் தூக்கினாள். கூரை அனலாய்க் கொதித்துக்கொண்டிருந்தது. டிக், டிக். பிறகு சடசடவென்று, டின்னை உள்ளேயிருந்து யாரோ கல்லால் அடிப்பது போல.

காய் வெடிக்கிற அந்தச் சத்தத்தை உலகத்தில் வேறு எவர் மறந்தாலும் ஆபீசர் மறப்பாளா?

"பல்லியா இருக்கும்" என்றாள் அக்கா. சொன்ன மாத்திரத்தில் தன் மேலேயே அருவருப்பு வந்தது. "இல்லடி. நான்தான். வெடிக்கப் போனதை எல்லாம் நான்தான் பறிச்சேன். உன் வேலை போயிடக் கூடாதுன்னு…"

தங்கை கத்தவில்லை. கத்தியிருந்தால் அக்காவுக்குப் பாரம் குறைந்திருக்கும்.

"காம்பெல்லாம் புதுசா கிள்ளின மாதிரி இருந்துச்சுக்கா. பாத்தேன். எலி கடிச்சிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். எலி கடிச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" அவள் அலமாரி உச்சியைப் பார்த்தாள். "சின்ன வயசுலேர்ந்து நான் கேக்காமலே நீ செஞ்சு குடுப்பே. நானும் ஏன்னு கேக்க மாட்டேன். இன்னைக்கும் கேக்கல."

அக்காவுக்கு அடி எங்கே விழுந்தது என்று உடனே தெரியவில்லை. கேட்காத பழக்கத்தைக் கொடுத்ததே தான்தான் என்று தெரிந்தபோது உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம். எதிர்வீட்டு டெய்லர். தையலோடு பயறும் பயிரிடுகிறவர். போன வருஷம் மஞ்சள் நோய் வந்த பயிரைத் தன் கையாலேயே மண்ணோடு உழுது போட்டவர். புது விதை வந்தால் நிலம் முழுக்க அதையே போடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர்.

"ஆபீசரம்மா, எண்ணிப் பாத்தாச்சா? எனக்கு விதை உண்டா?"

தங்கை வாயைத் திறந்தாள். அதில் உண்டு வருமா இல்லை வருமா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. காத்திருந்து பார்க்கத் தைரியமும் இல்லை.

"வெடிச்சிருச்சுண்ணே" என்றாள். "எல்லாம் வெடிச்சிருச்சு. இந்த விதை வேண்டாம்."

டெய்லரின் முகம் விழுந்தது. ஆனாலும் மனுஷன் சமாளித்துக்கொண்டு, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விடுங்கம்மா. கண்ணும் கருத்துமா பாத்துக்கிட்டீங்க. காய் வெடிச்சா அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் போன பிறகும் அக்காவும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.