சிலந்திகள் குடிபோன சம்பா

1993 நவம்பர் 27, சனிக்கிழமை காலை ஏழேகாலுக்கு, கீழ்வேளூருக்குத் தெற்கே அமலோற்பவத்தின் மூன்று மா நெல் வயலில், சுமார் ஒரு ஏக்கரில், இருந்த சிலந்திகள் எல்லாம் முட்டைப் பைகளைச் சுமந்துகொண்டு, தார்ரோட்டைக் கடந்து, எதிரே வீரையன் வயலுக்குக் குடிபோயின. கடந்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நாகப்பட்டினம் பஸ் நின்று வழிவிட்டது.

காரணம் ஷார்ஜாவில் இருந்த அவள் கணவர் குழந்தைராஜ். அவர் கடிதம் எழுதுவதில்லை. கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். "தத்துப்பூச்சி தெரிஞ்சா மருந்து அடி அமலி, யோசிக்காத" என்றது கேசட். அடித்தாள். பச்சைத் தத்துப்பூச்சிகள் தண்ணீரில் கொட்டின. நெல்தாளுக்குள் அவை செருகி வைத்திருந்த முட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏழாம் நாள் குஞ்சுகள் வந்தன. ஐந்து முறை தோலுரித்து, மூன்று வாரத்தில் சிறகு முளைத்து, முன்னிலும் அதிகமாய்ச் சாறு உறிஞ்சின. அவள் பதில் போய்ச் சேருமுன்பே கிளம்பிவிட்ட அடுத்த கேசட்டும் மருந்தையே சொன்னது. இரண்டாம் மருந்தோடு தட்டான்கள் போயின, தவளைகள் போயின, பூச்சி முட்டையைத் துளைக்கும் பொடிக் குளவிகளும் போயின. மூன்றாவதற்கு டப்பாவைத் திறந்த காலையில்தான், தத்துப்பூச்சியைத் தின்ன மிச்சமிருந்த சிலந்திகளும் கிளம்பின. அந்த வாரமே ஒரு மா மஞ்சளடித்துவிட்டது.

வீரையன் மருந்துக்கு எதிரி அல்ல. அவர் ஸ்பிரேயர் உடைந்து கிடந்தது, அவ்வளவுதான். "அக்கா, உங்க ஆளுங்க எங்க வயல்ல பந்தியில உட்கார்ந்துட்டாங்க. பாயசம் போடவா?" என்றார்.

"சும்மா இருங்க. அவங்க சோறு போகுதேன்னு நிக்கிறாங்க" என்று அதட்டினாள் அவர் மனைவி மங்களாம்பிகை.

அமலோற்பவம் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வயலில் இறங்கினாள். "தப்புதாங்க. வீட்டுக்காரர் சொன்னாருன்னு கண்ணை மூடிக்கிட்டு அடிச்சேன். இன்னும் ரெண்டு மா இருக்கு. பிள்ளைங்க சாப்பாடு. வாங்க." ஒன்றும் அசையவில்லை. முழங்கால் சேற்றில் பொழுது சாயும்வரை நின்றாள். பிறகு ஒரு கிழச் சிலந்தி முந்தானையில் ஏறியது, பின்னாலேயே மற்றவை. உடம்பெல்லாம் சிலந்தியாய், கண்கள் மட்டும் தெரிய அவள் ரோட்டைக் கடந்தபோது மங்களாம்பிகை அலறினாள். அலறிக்கொண்டே லாரிகளைக் கைகாட்டி நிறுத்தினாள்.

இரண்டு மா பிழைத்தது.

தொண்ணூற்றாறில் லீவில் வந்த குழந்தைராஜ், புது பவர் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு வரப்பில் கால் வைத்தார். வயல் முழுக்கச் சிலந்திகள் முட்டைப் பைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றன.

அமலோற்பவம் அவர் பக்கம் திரும்பவேயில்லை. "உட்காருங்க, அவரு ஊருக்குப் புதுசு" என்றாள்.

உட்கார்ந்தன.