டாங்கிக்குச் செயின் மாட்டிய சனிக்கிழமை

வெயிலுமுத்து ராணுவத்தில் டி-55 டாங்கி ஓட்டியவர். ஓய்வுபெற்று எப்போதும்வென்றான் கிராமத்தில் உளுந்தும் சோளமும் போடுகிறார். கூட வேலை பார்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டியில் கூடுகிறார்கள் என்றதும், அதே டாங்கியின் பிளாஸ்டிக் மாடலை வாங்கி ஒட்ட ஆரம்பித்தார். பீரங்கி, சக்கரம், பச்சைப் பெயின்ட் எல்லாம் முடிந்தது. சக்கரங்களைச் சுற்றி ஓடும் செயின் பாக்கெட்டை மட்டும் பிரிக்கவில்லை.

காரணம் அவர் மனைவி யோகலட்சுமிக்குத் தெரியும். ராஜஸ்தான் மணலில் கழன்ற செயினை ஏற்றும்போது கடப்பாரை நழுவி, அவருடைய வலது கையில் இரண்டு விரல் போயிற்று. அதற்குப் பிறகு அவர் டாங்கி ஓட்டவில்லை.

சனிக்கிழமை காலை, “நான் மாட்டுதேன்” என்றாள். புதியம்புத்தூர் ரெடிமேட் யூனிட்டில் துணி வெட்டுகிறவள், கை நடுங்காது.

“மாட்டு. நான் பாக்க மாட்டேன்” என்று உளுந்துக் காட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

நகம் அளவுகூட இல்லாத செயின் கண்ணிகளை வெட்டி, பிசிர் தேய்த்து, வரிசையாக ஒட்டினாள். ஃபேன் காற்றில் பசை சீக்கிரமே இறுகிவிட்டது. சக்கரத்தில் வளைத்ததும் படக்கென்று முறிந்தது.

மத்தியானம் வந்தவர் முறிந்த செயினைப் பார்த்து வாசலிலேயே நின்றார். “எங்கன அறுந்துச்சு?”

“பின்னால, பல்சக்கரத்துகிட்ட. பசை காஞ்சிட்டு. அடுத்ததை ஈரத்தோட சுத்துதேன். மேல எப்படிக் கிடக்கணும்னு நீங்கதான் சொல்லணும்.”

அவர் போய் ஃபேனை நிறுத்தினார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இந்த டாங்கில செயினைத் தாங்க மேல்பக்கம் உருளை கெடையாதுட்டி. செயின் சக்கரத்துத் தலையிலயே படுத்துக் கெடக்கும். விறைப்பா இருந்தா பொய்யாத் தெரியும்.”

அவள் புதிதாக ஒட்டிய, இளகிய செயினைப் பல்சக்கரத்தில் கோத்துப் பிடித்துக்கொண்டாள். அவர் மூன்று விரலால் மேலிருந்து மெல்ல அமுக்கினார். முதல் சக்கரத்தில் கை தயங்கியது. இரண்டாவதிலிருந்து தயங்கவில்லை. செயின் ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் படிந்து, இடையில் லேசாகத் தொங்கியது.

“அப்படியே இருக்கு” என்றார். முறிந்ததையும் ஒட்டிச் சாயங்காலத்துக்குள் மறுபக்கம் முடித்தார்கள்.

மறுநாள் கோவில்பட்டியில் அவருடைய பழைய கூட்டாளி சௌந்தரபாண்டியன் குனிந்து பார்த்தார்.

“என்ன வேய், செயினு தொங்குது?”

“நீரு ஆபீஸ்லயே இருந்தவரு. ஓட்டுனவன்ட்ட கேளும், தொங்கணும்” என்றார் வெயிலுமுத்து. எல்லாரும் சிரித்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் டாங்கியை மடியில் வைத்தபடி, “அடுத்து இதைவிடப் பெருசா ஒண்ணு வாங்குவமா?” என்றார்.

“வாங்குங்க. அந்தத் தடவை நீங்க பல்சக்கரத்துல பிடிங்க, நான் மேல அமுக்குதேன்.”