மேஸ்திரியின் மேல் வெள்ளைப் புள்ளிகள்

என் கணவர் தியன்-சாங் படுத்து எட்டு மாதமாகியிருந்தது. பக்கவாதம் அவருடைய வலப்பக்கத்தையும் பேச்சையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. இடது கையில் மூன்று விரல்கள் அசையும். கட்டில் கம்பியை ஒரு முறை தட்டினால் ஆமாம், இரண்டு முறை தட்டினால் இல்லை, அல்லது வேண்டாம். காவ்சியுங் துறைமுக நகரில் எங்கள் நான்காம் மாடி வீட்டில் அப்போது அவ்வளவுதான் பேச்சு.

கட்டிலைக் கூடத்தில், கடல்மீன் தொட்டிக்கு எதிரே போட்டிருந்தோம். அது அவர் ஒன்பது வருடமாக வளர்த்த தொட்டி. துறைமுகத்தில் எஞ்சின் பழுது பார்த்துவிட்டு வந்தால் கைகூடக் கழுவாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். விரல்நுனி அளவில் கொண்டுவந்து ஒட்டிய பவளங்கள் ஒன்றோடொன்று பிணைந்து சிறு மலையாகியிருந்தன. அந்த மலையை ஒரு நீல மீன் நாள் முழுவதும் சுற்றிவரும். எல்லோரும் வேலை செய்கிறார்களா என்று பார்ப்பதுபோல் பொந்து பொந்தாக எட்டிப் பார்ப்பதால் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்திருந்தார்.

மேஸ்திரி இடப்பக்கம் போனால் அவர் கழுத்து இடப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் வந்தால் மெல்ல வலப்பக்கம் வரும். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் எவ்வளவு கெஞ்சியும் அசையாத கழுத்து அது. எனக்கு அந்த மீன் மருந்து மாதிரி.

இனி சொல்வது நான் செய்த தவறு. அவருக்குத் துணையாக இன்னொன்று இருக்கட்டும் என்று ஒரு சின்னக் கோமாளி மீனை வாங்கி வந்தேன். பையைத் தொட்டிக்கு மேலே தூக்கியபோது கம்பி இரண்டு முறை ஒலித்தது. திரும்பிப் பார்த்தேன். மறுபடியும் இரண்டு முறை.

"எதுக்கெடுத்தாலும் வேண்டாம், வேண்டாம்! உங்களுக்காகத்தானே வாங்கிட்டு வந்தேன்?" என்று சிரித்துக்கொண்டே ஊற்றிவிட்டேன்.

புது மீனை ஒரு மாதம் தனிப் பெட்டியில் வைத்து, நோய் இல்லையென்று பார்த்த பிறகுதான் அவர் தொட்டியில் விடுவார். மருமகளைக்கூட இப்படிச் சோதிக்க மாட்டார்கள் என்று நான் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். அன்று அது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

பத்தாம் நாள் மேஸ்திரியின் உடலில் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். பாறையில் உரசி உரசித் திரும்பியது. கணவரைப் பார்த்துக்கொள்ளும் வார்தினிதான் முதலில் கண்டாள். ஜாவாவிலிருந்து வந்தவள், ஐந்து வேளையும் தொழுபவள். என்னை அக்கா என்பாள், அவரைத் தாத்தா என்பாள்.

"அக்கா, மேஸ்திரிக்கு அரிக்குது பாருங்க. தாத்தா காலையிலேருந்து சாப்பிடல. அதையே பாத்துட்டிருக்காரு."

வளர்ப்பு மீன் கடை ஆ-பின்னுக்குத் தொலைபேசினேன். மதியமே வந்தான். கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"ஒட்டுண்ணி, அண்ணி. தாமிர மருந்து போட்டாச் செத்துடும்."

"அப்போ போடேன்!"

"போட்டாப் பவளமும் சாவும், இறாலும் சாவும். அண்ணனோட ஒன்பது வருஷமும் போயிடும். மீனைப் பிடிச்சுத் தனிப் பெட்டியில வெச்சுத்தான் மருந்து போடணும்."

"சரி, பிடி."

"எப்படிப் பிடிக்கிறது? நான் வலையை உள்ள விட்டா அது பொந்துல பூந்துட்டு என்னையே வேடிக்கை பாக்கும். பாறையெல்லாம் பிரிச்சு வெளிய எடுக்கணும். பவளம் உடையும். யோசிச்சுச் சொல்லுங்க. ஆனா ரொம்ப யோசிக்காதீங்க."

நான் யோசித்தேன். அதாவது, குவான்யின் அம்மனிடம் போய் நின்றேன். அங்கே எனக்கு ஒரு சங்கடம். மாதத்தில் இரண்டு நாள் சைவம் சாப்பிடுகிறவள், கருணைத் தாயிடம் போய், அந்த உயிர்களையெல்லாம் கொன்றுவிடு என்று எப்படிக் கேட்பது? ஒரு மீன், அதன் மேல் நூறு சிறு உயிர்கள். எல்லாமே பசித்துத்தான் வந்திருக்கின்றன. கடைசியில், யாருக்கும் வலி வேண்டாம் என்று மட்டும் வேண்டிக்கொண்டு வந்தேன்.

நான்காம் நாள் காலை மேஸ்திரி மேல் ஒரு புள்ளிகூட இல்லை! பளபளவென்று சுற்றிவந்தது. வார்தினி கைதட்டினாள். நான் கொய்யாப் பழம் வாங்கிக் கோயிலுக்கு ஓடினேன். திரும்பும் வழியில் ஆ-பின் கடையில் நுழைந்து பெருமையோடு சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை.

"குணமாகல, அண்ணி. அதுங்க வயிறு நெறஞ்சு கீழ எறங்கிடுச்சு. இப்ப மணல்ல பிரசவம் பாத்துட்டிருக்கும். ஒண்ணு நூறாத் திரும்பி வரும்."

"உனக்கு நல்ல வார்த்தையே வராதா?"

"வந்திருந்தா எனக்கு எப்பவோ கல்யாணம் ஆயிருக்கும்."

கோபத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்னும் ஒரு வாரம் அவன் பேச்சைக் கேட்கவில்லை. எட்டாம் நாள் மேஸ்திரி வெள்ளை மீனாக இருந்தது. கண்மேல்கூடப் புள்ளி. செவுள்கள் படபடவென்று அடித்தன. தண்ணீர் மேலே கொப்பளிக்கும் மூலையில் போய் நின்றுகொண்டது. கணவருடைய கழுத்தும் அந்த மூலையிலேயே நின்றுவிட்டது.

கட்டில் அருகே முழந்தாளிட்டு அவர் கையைப் பிடித்தேன்.

"அன்னைக்கு நீங்க வேண்டாம்னு சொன்னீங்க. நான் கேக்கல. இப்ப கேக்கறேன். பாறையைப் பிரிச்சா உங்க பவளம் உடையும். பிரிச்சு மீனை எடுக்கட்டுமா?"

அவர் தொட்டியை வெகுநேரம் பார்த்தார். நான் அவசரப்படுத்தவில்லை. பிறகு விரல் எழுந்து, ஒரு முறை தட்டியது.

ஆ-பின் கடையை மூடிவிட்டு, மோட்டார் சைக்கிளில் உப்புத்தண்ணீர் கேன்களைக் கட்டிக்கொண்டு மூன்று நடை வந்தான். நான்கு மாடியும் சுமந்து ஏறினான். பாதித் தண்ணீரை இறைத்தோம். அவன் பாறையை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, வார்தினியும் நானும் வாளிகளில் வைத்தோம். ஒரு பவளக் கிளை என் கையில் முறிந்தது. அந்தச் சத்தம் கணவருக்குக் கேட்டிருக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மேஸ்திரி கடைசியில் ஓடக்கூட இல்லை. வலைக்குள் தானே சாய்ந்தது. கோமாளி மீனைப் பிடிக்கத்தான் மூவரும் நனைந்தோம். பிறகு பாறைகளை உள்ளே அடுக்கித் தொட்டியை நிரப்பினோம்.

ஒளிபுகும் பெட்டியில் தண்ணீரை இளஞ்சூடாக வைக்கும் குழாய், காற்றுக் குழாய், ஒளிந்துகொள்ள இரண்டு குழாய்த் துண்டுகள். ஆ-பின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விட்டான். "ஒரு சொட்டுக் கூடினா மீன் போயிடும். கொறஞ்சாப் பூச்சி போகாது. இந்த நீல ஜாதிக்குத் தாமிரம் சுத்தமா ஆகாது, அண்ணி. இப்பவே சொல்லிடறேன்" என்றான். எழுபத்தாறு நாள் தொட்டியில் மீனே இருக்கக் கூடாது, அப்போதுதான் மணலில் இருப்பவை பட்டினியில் அழியும் என்றும் சொன்னான்.

பெட்டியைக் குளியலறையில் வைக்கலாம் என்றேன். வார்தினி கேட்கவில்லை. சாப்பாட்டு முக்காலியை இழுத்து வந்து, கட்டிலுக்கு ஒட்டினாற்போல் பெட்டியை வைத்தாள். கணவரின் இடது கை அதைத் தொடும் தூரம்.

ஐந்து நாள். காலையும் மாலையும் தண்ணீரைச் சோதித்தேன். நிறத்தாளோடு ஒப்பிட்டேன். பூண்டு கலந்த உணவைக் கொடுத்தேன். கோமாளி தின்றது. மேஸ்திரி பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. கணவருக்கு வார்தினி கஞ்சி ஊட்டுவாள். "தாத்தா சாப்பிட்டா மேஸ்திரியும் சாப்பிடும், வாயத் தொறங்க" என்பாள். அவளுக்காக அவர் இரண்டு கரண்டி வாங்கிக்கொள்வார். எங்களால் முடிந்தது அவ்வளவுதான்.

ஆறாம் நாள் மதியம் மேஸ்திரி பக்கவாட்டில் படுத்துவிட்டது. ஒரு செவுள் மட்டும் அசைந்தது. நான் ஆ-பின்னை அழைத்தேன். மறுமுனையில் அவன், "பக்கத்துல இருங்க, அண்ணி" என்றான்.

வார்தினி துண்டை எடுத்து வந்தாள். "மூடிடலாம் அக்கா. தாத்தா பாக்க வேண்டாம்."

துண்டு பெட்டிமேல் விழும் முன்னே கம்பி ஒலித்தது. இரண்டு முறை. வார்தினி என்னைப் பார்த்தாள்.

"எடுத்துடு" என்றேன்.

அவர் உள்ளங்கையைப் பெட்டியின் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மறுபக்கம் மேஸ்திரி. வார்தினி தன் மொழியில் எதையோ முணுமுணுத்தாள். நான் குவான்யின் பெயரைச் சொன்னேன். பிழைக்க வை என்று இருவருமே கேட்டிருக்க மாட்டோம் என்று நினைக்கிறேன். மூன்றரை மணி சுமாருக்குச் செவுள் நின்றது. அவர் கையை எடுக்கவில்லை.

"நான்தான் கொண்டுவந்து ஊத்தினேன்" என்றேன். அவர் விரலால் என் மணிக்கட்டை இரண்டு முறை தட்டினார்.

கோமாளி மீன் குழாய்த் துண்டிலிருந்து எட்டிப் பார்த்தது. அதன்மேல் புள்ளி இல்லை. அதற்கு ஏது பாவம்?

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவர் கழுத்து அசைவதைக் கண்டேன். மீன் எதுவும் முன்னால் போகவில்லை. தானாகவே, மிக மெதுவாக, தொட்டியின் பக்கம் திரும்பியது. தொட்டி இருட்டாக இருந்தது. அவர் விரல் சுவரிலிருந்த விசையைக் காட்டியது.

எனக்குச் சுருக்கென்றது. மீனைப் பார்த்த அவசரத்தில் இரண்டு நாளாகத் தொட்டியின் விளக்கைப் போடவே இல்லை. பவளத்துக்கு வெளிச்சம்தானே சோறு.

விளக்கைப் போட்டேன். உடைந்து, இடம் மாறி, கோணலாக நின்ற மலைமேல் நீல வெளிச்சம் விழுந்தது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. வார்தினி தரையில் உட்கார்ந்து, அவர் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள். மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அரைமணி கழித்து, முறிந்த கிளைக்குப் பக்கத்தில், ஒரு பவளம் தன் விரல்களை ஒவ்வொன்றாக வெளியே நீட்டியது.

தொட்டியில் மறுபடி மீன் விட இன்னும் எழுபது நாள் இருந்தது.