தூக்கத்துக்கு

என் மாமியார் ராஜம்மாள் அந்த மாத்திரைக் குப்பியைக் கூடத்து நடுவில், மணைப்பலகை மேல் வைத்தாள். பாம்பை அடித்துக் கொண்டுவந்து போடுகிறவர்கள் முகத்தில் ஒரு பெருமை இருக்குமே, அது அவள் முகத்தில் இருந்தது. காலையில் புளிப்பானையில் கைவிட்டபோது அகப்பட்டதாம். அந்தப் பானைப் பக்கமே போகாதவளுக்கு அன்றைக்கென்று புளி தேவைப்பட்டிருக்கிறது. என் புருஷன் சொக்கலிங்கம் வெல்ல மண்டியைத் திறக்காமல் தூணோரம் நின்றார். அவருடைய பெரியப்பா துரைராஜ் நாற்காலியில் இருந்தார். செஞ்சிக் கடைத்தெருவில் யார் வீட்டில் சண்டை என்றாலும் அவருக்கு ஒரு நாற்காலி போட்டாக வேண்டும். என்னை அழைத்துக்கொண்டு போகும்படி என் பிறந்த ஊரான சிங்கவரத்துக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். என் அண்ணன் கன்னியப்பன் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து, உட்காரக்கூடத் தைரியமில்லாமல் வாசற்படியருகே நின்றான். நான் என் பிள்ளை அரங்கநாதனை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையற்கட்டு வாசலில் நின்றேன். அவனுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்த சமயம், என் தோளைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"அதுல இன்னா எழுதியிருக்குது, பெரியப்பாவுக்குப் படிச்சிக் காட்டுடா," என்றாள் மாமியார்.

சொக்கலிங்கம் குப்பியில் ஒட்டியிருந்த தாளைப் படித்தார். "தூக்கத்துக்கு. காலையில ஒண்ணு, மதியம் ஒண்ணு."

"கேட்டீங்களா? தூக்க மாத்திரை! பகல்லயே தூங்கி வழியறவளுக்குத் தூக்க மாத்திரை எதுக்கு? எம்புள்ள குடிக்கிற பால்ல கலக்கறதுக்குத்தான?"

தூக்க மாத்திரை என்றால் அந்தக் காலத்தில் ஒரே அர்த்தம்தான். டூரிங் கொட்டகையில் பார்த்த படங்களில் ஒரு குப்பி வந்தால் யாரோ சாகப் போகிறார்கள். பெரியப்பா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். குப்பி தானாக உருண்டு வந்து அவர் வாயில் விழுந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

அந்த வீட்டில் என் பெயர் மீனம்பாள் என்பது எல்லோருக்கும் மறந்து நாளாகிவிட்டது. மூதேவி என்றுதான் கூப்பிடுவார்கள். பகலில் தூங்குகிறவள் மூதேவி, அவள் இருக்கும் வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள், கணக்கு சரியாகத்தான் இருந்தது. வெல்லத்தில் எறும்பு ஏறினால் நான் காரணம். லாரி திண்டிவனத்தில் பழுதாகி நின்றால் நான் காரணம். நான் என்ன ஆசைப்பட்டா தூங்கினேன்? அரிசி களையும்போது தூக்கம் வரும். பேசிக்கொண்டிருக்கும்போதே வரும், பாதி வார்த்தை வாயில் நிற்கும். கொஞ்ச நேரத்தில் விழித்துப் பார்த்தால் அரிசி தரையில் கொட்டிக் கிடக்கும், மாமியார் தலைமாட்டில் நிற்பாள். ராத்திரியாவது ஒழுங்காகத் தூங்குவேனா என்றால் அதுவும் கிடையாது. கண் விழித்திருக்கும், கை கால் அசையாது, மார்பின் மேல் ஏதோ ஏறி உட்கார்ந்துகொள்ளும். அமுக்குவான் பிடித்திருக்கிறது என்று மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பூசாரியிடம் கொண்டுபோய் வேப்பிலையால் அடிக்க வைத்தார்கள். அடி வாங்கிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டேன். பேய் இறங்கிவிட்டது என்று அவன் சேவலை வாங்கிக்கொண்டு போனான்.

எங்கள் ஊர் குகைக்கோயிலில் ரங்கநாதர் எத்தனையோ காலமாகப் படுத்தே கிடக்கிறார். அவருக்குத் தேங்காய் உடைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து என்னை உதைப்பார்கள்.

ஆனால் ஒன்று மட்டும் என்னாலும் மறுக்க முடியாது. ஒரு நாள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே தூங்கிப் போனேன். அவன் மடியிலிருந்து நழுவி அம்மிக்கல் பக்கம் உருண்டிருக்கிறான். மாமியார் ஓடிவந்து தூக்கியிருக்கிறாள். கண்ணைத் திறந்தபோது அவள் அவனை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் திட்டவில்லை. அன்றிலிருந்துதான் என்னை அனுப்பிவிட்டுப் பிள்ளையை வைத்துக்கொள்ளும் பேச்சு ஆரம்பித்தது.

அண்ணன்தான் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனான். அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, பஸ் மாறி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் இளவயசுக்காரர். நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, யாருமே கேட்காத ஒன்றைக் கேட்டார். "சிரிச்சா உடம்பு தளர்ந்து போகுதாம்மா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான புதிதில் சொக்கலிங்கம் சொன்ன ஒரு வேடிக்கைக்குச் சிரித்து, தாடை தொங்கி, முழங்கால் மடங்கிக் கீழே விழுந்தேன். எல்லாம் காதில் விழுந்தது, எழுந்திருக்க மட்டும் முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் சிரித்ததே இல்லை. சிரிக்காத சிடுமூஞ்சி என்று அதற்கும் ஒரு பெயர் கிடைத்தது. டாக்டர் அண்ணனைப் பார்த்து, தங்கச்சியைச் சிரிக்க வையுங்கள் என்றார். ஆஸ்பத்திரியில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்த அண்ணன், பஸ்ஸில் தன் புதுச்செருப்புக்குப் பதில் யாருடைய பழஞ்செருப்பையோ மாட்டிக்கொண்டு இறங்கி, இரண்டும் இடது கால் செருப்பு என்று தெரியாமல் கடைத்தெரு வரைக்கும் நடந்து, அங்கே கழற்றி எறிந்ததைச் சொன்னான். நான் அப்படியே சரிந்தேன். டாக்டர் தயாராக நின்று தாங்கிப் பிடித்துக்கொண்டார், முழங்காலில் சின்னச் சுத்தியால் தட்டிப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார்.

இது சோம்பலும் இல்லை, பேயும் இல்லை, மூளையில் தூக்கத்தையும் விழிப்பையும் பிரித்து வைக்கிற இடத்தில் ஒரு கோளாறு என்றார். கண் மூடின உடனே கனவு வந்துவிடும், அது நிஜம் மாதிரியே இருக்கும், பயப்படாதே என்றார். அமுக்குவானும் இதே வியாதியின் வேலைதானாம். முழுசாகக் குணமாகாது, ஆனால் அடக்கி வைக்கலாம். இந்த மாத்திரை விழித்திருக்க வைக்கும். மதியத்தில் கொஞ்ச நேரம் நீயாகவே படுத்துத் தூங்கிவிடு. அடுப்பு, கிணறு பக்கம் ஜாக்கிரதை. பிள்ளைக்குத் தரையில் படுத்துக்கொண்டே பால் கொடு. சிரித்தால் விழுவதற்கு வேறு மாத்திரை இருக்கிறது, அடுத்த முறை வரும்போது பார்க்கலாம். இவ்வளவையும் சொல்லி அனுப்பினார். மருந்து கொடுத்த புண்ணியவான்தான் தாளில் 'தூக்கத்துக்கு' என்று எழுதி ஒட்டினார். எனக்கும் அண்ணனுக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

நாலைந்து நாள் அதை முழுங்கினேன். தெருவில் போகிற வண்டிச்சத்தம் கடைசிவரைக்கும் கேட்டது. ஒரு பேச்சின் ஆரம்பமும் முடிவும் சேர்ந்து காதில் விழுந்தது. மற்றவர்கள் எல்லோரும் தினமும் இப்படித்தான் இருக்கிறார்களா என்று நினைத்தபோது வயிறெரிந்தது.

அதையெல்லாம் இவர்களிடம் சொல்ல முடியுமா? குப்பியைக் காட்டி மட்டும் கேட்டேன். "ஜுரத்துக்கு மாத்திரை குடுத்தா, ஜுரம் வரதுக்கா குடுக்கறாங்க? அது மாதிரிதான் இதுவும். தூக்கம் வராம இருக்கறதுக்குப் பாண்டிச்சேரி டாக்டரு குடுத்தது."

"தூங்கறதுக்கு ஒரு வியாதி, அதுக்கு ஒரு மாத்திரை! நான் பாக்காத பாண்டிச்சேரியா," என்றார் பெரியப்பா. இங்கே மதுவிலக்கு. அவர் எதற்குப் பாண்டிச்சேரி போவார் என்று கடைத்தெருவுக்கே தெரியும்.

"பாத்துப் பேசு, மீனா," என்றான் அண்ணன். அவனால் எப்போதும் முடிந்தது அவ்வளவுதான்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. புருஷனைப் பார்த்துச் சொன்னேன். "பால்ல கலக்கப் போறேன்னு சொல்றாங்களே, நீங்களே இப்ப ஒண்ணு முழுங்குங்க. தூங்கறீங்களா முழிச்சிருக்கறீங்களான்னு எல்லாரும் பாக்கட்டும்." சொன்ன வேகத்தில் ஒரு பயமும் வந்தது. "ஆனா டாக்டர், வேற யாருக்கும் குடுக்காதேன்னாரு," என்று சேர்த்துக்கொண்டேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று மாமியார் கூவினாள். சொக்கலிங்கம் தூணுக்குப் பின்னால் பாதி போய்விட்டார். பெரியப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு ஞாபகம் வந்தது. ஆம்பளைகள் இரண்டு பேரையும் மாமியார் ஒரு பார்வை பார்த்தாள். அதில் இருந்த ஏளனம் எனக்கு இருந்ததற்குக் குறைந்ததில்லை. "எம்புள்ள முழுங்க வாணாம். குடு இப்டி. நான் செத்தா போலீசு வந்து இவள அள்ளிகினு போவட்டும்," என்று சொல்லி, ஒரு மாத்திரையை வாயில் போட்டுச் சொம்புத் தண்ணீரை அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். நான் வெறுத்த மனுஷிதான், ஆனாலும் அந்த நிமிஷம் அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் முதுகெலும்பு இருந்தது. குப்பியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். காலையில் முழுங்க வேண்டிய மாத்திரையை நான் அன்று முழுங்கவில்லை. இப்போது கேட்டும் கொடுக்கவில்லை.

அவள் சாவாளா என்று பார்க்க எல்லோரும் காத்திருந்தார்கள். சாகவில்லை. சமைத்தாள், பரிமாறினாள், இரண்டு தரம் கூடம் பெருக்கினாள். சாப்பாடு ஆனதும் ஊருக்கே வருகிற தூக்கம் வந்தது. கடைத்தெருவில் கடைகளுக்குப் பாதிப் பலகை போட்டு மூடிவிட்டார்கள். பெரியப்பா நாற்காலியிலேயே வாயைத் திறந்துகொண்டு சாய்ந்தார். சொக்கலிங்கம் பாய் போட்டுக் குறட்டை விட்டார். அண்ணன் வண்டிக்கு அடியில் வைக்கோல் மேல் படுத்தான். இந்தத் தூக்கத்துக்கெல்லாம் யாரும் மூதேவி என்று பெயர் வைப்பதில்லை. மாமியாரும் தினமும் இந்த வேளையில் பூக்காரி குரல் கேட்கும்வரை அசையமாட்டாள். அன்று அவள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவே இல்லை. வாய் உலர்ந்து, தண்ணீர் குடித்துக் குடித்து, தனக்குத்தானே பேசிக்கொண்டே இருந்தாள். கண் அகன்று கிடந்தது.

"தூக்கம் வரலடி," என்றாள் கடைசியில். "இத்தினி வருஷத்துல இந்த நேரத்துல ஒரு நாளும் நான் முழிச்சிருந்தது இல்ல. அப்ப நீ சொன்னது நெசந்தான்."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். எவ்வளவு முட்டாள் நான்.

"சோம்பேறின்னு நெனச்சிகினு இருந்தேன். சோம்பேறிய நாலு வார்த்த திட்டித் திருத்தலாம். வியாதிய இன்னா பண்றது? அன்னிக்கு அம்மி கிட்ட நான் இல்லன்னா? நீ வண்டில ஏறிக்க. புள்ள இங்க இருக்கட்டும்."

"மாத்திரயக் குடுங்க அத்தே. அது இருந்தா நான் தூங்கமாட்டேன். நீங்களே இப்ப பாக்கறீங்க இல்ல?"

அவள் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "முழிச்சிகினு இரேன். எம்மா நேரம் இருக்கறேன்னு நானும் பாக்கறேன்."

அப்போதே அது வர ஆரம்பித்துவிட்டது. முதலில் சத்தங்கள் தூரப் போகும். அப்புறம் கண்ணுக்குப் பின்னால் மணல் மூட்டையை இறக்கி வைத்தது மாதிரி ஒரு பாரம். நான் உதட்டைக் கடித்தேன். தொடையில் கிள்ளினேன். எழுந்து நின்றால் பிள்ளையோடு விழுவேன். அண்ணனைக் கூப்பிடலாம், கூப்பிட்டால் வந்து பாத்துப் பேசு என்பான். பிள்ளை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். கண்ணை மூடினால் அவன் என் மடியில் இருக்கமாட்டான். திறக்கும்போது நான் சிங்கவரத்துப் பாதையில் வண்டிக்குள் இருப்பேன், பக்கத்தில் என் துணிமூட்டை மட்டும் இருக்கும். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவேண்டியதில்லை.

முந்தானையை உருவி எடுத்தேன். பிள்ளையின் முதுகைச் சுற்றி, என் இடுப்பைச் சுற்றி, இழுத்துக் கட்டினேன். ஒரு முடிச்சுப் போட்டேன், அதன் மேல் இன்னொன்று போட்டுப் பல்லால் கடித்து இறுக்கினேன். மாமியார் கொட்டை எடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவன் மேல் விழாதபடி ஒருக்களித்துத் தரையில் படுத்தேன். டாக்டர் சொன்னபடிதான். என் கண் அவள் கண்ணை விடவில்லை. "தொட்டீங்கன்னா..." என்று ஆரம்பித்தேன். மிச்சம் வாயிலேயே நின்றுவிட்டது.

அவள் புளி ஒட்டின விரல்களைச் சேலையில் துடைப்பது தெரிந்தது. எழுந்து வருவது தெரிந்தது. என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள், மூச்சில் புளிவாசம் அடித்தது. கத்தினேன், சத்தம் வரவில்லை. கையை ஓங்கினேன், கை அங்கேயே கிடந்தது. கனவாகக்கூட இருக்கலாம், டாக்டர் சொல்லியிருக்கிறார். இடுப்பில், முடிச்சின் மேல், அவளுடைய பிசுபிசுத்த விரல்கள் வேலை செய்துகொண்டிருந்தன. பிள்ளை தூக்கத்தில் புரண்டு என் ஜாக்கெட்டை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டான்.