மூன்று பேர் பார்த்த கண்

நானும் என் நாத்தனாரும் முன்னறையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, நாளெல்லாம் யார் யாருடைய கண்களையோ பார்த்துக்கொண்டிருப்போம். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அதுதான் எங்கள் பிழைப்பு. வாடகைக் கார் ஓட்டுகிறவர்களுக்கு எதிரே கேமரா வைத்திருக்கிறார்கள். ஓட்டுகிறவர் தூங்குகிறாரோ என்று அதற்குச் சந்தேகம் வந்தால் படத்தை வெட்டி எங்கள் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். முகம் வராது, கண் மட்டும்தான் வரும். தூக்கமா, விழிப்பா என்று நாங்கள் பொத்தானை அமுக்க வேண்டும்.

ஒரு படத்தை மூன்று பேர் பார்ப்போம். இரண்டு பேர் சொல்வது எதுவோ அதுதான் உண்மை. ஒத்துப்போகாத மூன்றாவது ஆளுக்கு மதிப்பெண் குறையும். குறைந்துகொண்டே போனால் ஒருநாள் உள்ளேயே நுழைய முடியாது. ஏன் என்று கேட்க ஒரு போன் நம்பர்கூடக் கிடையாது. அப்புறம் எவள் கண்ணைப் பார்ப்பாள்? மற்ற இரண்டு பேரும் எதை அமுக்கியிருப்பார்கள் என்றுதான் எல்லோரும் யோசிக்கிறோம்.

"சந்தேகம்னா தூக்கம்னு போடுங்க அண்ணி. எல்லாரும் அதைத்தான் போடுவாங்க" என்பாள் நாத்தனார். கெட்டிக்காரி, அவள் மதிப்பெண் உச்சியில் நிற்கும். நான் படத்தோடும் மல்லுக்கட்டுகிற ஜாதி. என்னுடையது எப்போது வேண்டுமானாலும் கவிழ்ந்துவிடும் நிலையில் இருந்தது.

என் வீட்டுக்காரரும் அப்படிப்பட்ட காரைத்தான் ஓட்டுகிறார். வண்டி ஓட்டும்போது தூங்கியதாக அவருக்கு இரண்டு எச்சரிக்கை வந்திருந்தது. மூன்றாவதும் உறுதியானால் நிரந்தரமாக நீக்கம்.

"சத்தியமா தூங்கலடி" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நான் நம்பினேனா? "ராத்திரி பூரா போனை நோண்டிக்கிட்டிருந்தா பகல்ல சொக்காம என்ன செய்யும்?" என்று கிழிகிழியென்று கிழித்தேன்.

அன்று காலையில் மூன்றாவது புகாரும் வந்தது. பரிசீலனை முடியும்வரை வண்டியை எடுக்கக் கூடாதாம். சும்மா உட்காரத் தெரியாத மனுஷர், சமையலறையில் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். மதியம் அந்தச் சத்தத்துக்கு நடுவே என் திரையில் ஒரு கண் வந்தது.

இடது கண். பாதி மூடிய இமை. இமையின் ஓரத்தில் தையல் போட்ட தடம்.

என் வீட்டுக்காரருடைய கண். சின்ன வயதில் பந்து பட்டுக் கிழிந்த இமை அது. எவ்வளவு விழித்திருந்தாலும், வேண்டுமென்றே விரித்தாலொழிய பாதிக்கு மேல் திறக்காது. அந்தக் கண் காய்ந்துவிடும் என்று தினமும் காலையில் நான்தான் மருந்து விடுகிறேன். அதன் ஒவ்வொரு சுருக்கமும் எனக்குத் தெரியும். தூங்கவில்லை என்று அவர் சொன்னது அத்தனையும் நிஜம். நான்தான் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

"ஏய், இங்க பாரு" என்று நாத்தனாரை இழுத்தேன்.

எட்டிப் பார்த்தாள். "இதுவா? எனக்கு இந்தக் கண் அடிக்கடி வருமே. இதே படம் காலையில வந்துச்சு. தூக்கம்னு போட்டுட்டேன். நீங்களும் போடுங்க."

"உங்க அண்ணன்டி இது."

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "அமுக்கினதை மாத்த முடியாதே அண்ணி" என்றாள்.

இன்னும் ஒரு ஆள் இருக்கிறார், எங்கேயோ. அந்தப் புண்ணியவான் கண்ணைப் பார்த்து அமுக்கியிருந்தால், நானும் விழிப்பு என்று போட்டால், இவர் பிழைப்பார். அந்த ஆளும் தூக்கம் என்று போட்டிருந்தால் இவரோடு சேர்ந்து என் வேலையும் போகும். திரையின் ஓரத்தில் நேரம் குறைந்துகொண்டே வந்தது.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்!" என்று கத்தினேன்.

ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே வந்து, என் தோளுக்கு மேலாகக் குனிந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சிரித்தார்.

"அடப்பாவி, நல்லா சொக்கிப் போயிருக்கான் பாரு. இவனுங்களாலதான் என்னை மாதிரி ஒழுங்கா ஓட்டுறவனுக்கும் கெட்ட பேரு. தூக்கம்னு போடு."

கண்ணாடி முன்னால் எல்லோரும் கண்ணை அகல விரித்துக்கொண்டுதான் நிற்கிறோம். தன் இமை தொங்குவதை அவர் எங்கே கண்டார்!

'விழிப்பு' என்பதை ஓங்கி அமுக்கினேன்.

'உங்கள் விடை மற்ற இருவரின் விடையோடு பொருந்தவில்லை' என்று வந்தது. அதற்குக் கீழேயே இன்னொரு வரி. இனி எனக்கு வேலை இல்லையாம்.

"நான் சொன்னேன்ல? என் பேச்சை என்னைக்குக் கேட்டிருக்க?" என்றார்.

அதற்குள் அவருடைய போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. எடுத்துப் படித்தார். ஒரு தடவை படித்தது போதாமல் மறுபடியும் படித்தார். பக்கத்து நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"என்னை நீக்கிட்டாங்களாம். மெஷின் சொல்லலையாம். மனுஷங்க பார்த்து உறுதி செஞ்சாங்களாம்." பேச்சு திக்கியது. "எந்தப் பாவிங்கடி அவங்க? அவங்களுக்கெல்லாம் அண்ணன் தம்பி கிடையாதா?"

நாத்தனார் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அவர் எழுந்துபோய் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"நீ ஏம்மா அழற? நீ என்ன பண்ணுவ?" என்றார்.