மாக் கெல்சொம் கடைசியாகப் பறித்த வேர்

மாமியார் மாக் கெல்சொமின் நகக்கண்ணில் இருந்த மண் லேசில் போகவில்லை. சல்பியா ஈரத்துணி நுனியை முறுக்கி ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். மலைச்சரிவின் கறுத்த மண். கச்சிப் ஃபாத்திமா செடியை வேரோடு தோண்டினால்தான் அப்படி ஏறும்.

ஜனாஸா குளிப்பாட்ட வந்த மாக் யாம் கற்பூரத் தண்ணீரை மெல்ல ஊற்றினாள். ஊரில் யார் வீட்டுப் பெண் இறந்தாலும் அவள்தான் வருவாள். மனதில் பட்டதை வாயில் வைத்துக்கொண்டிருக்க அவளுக்குத் தெரியாது.

“மழை பெய்ஞ்ச பாறைன்னு தெரிஞ்சும் ஏறி, வழுக்கி விழுந்திருக்கா. யாருக்காக ஏறினா? எல்லாம் உனக்காகத்தான்.”

சல்பியா அடுத்த விரலைப் பிடித்துத் துடைத்தாள். 

கல்யாணமாகி மறு வருஷமே கச்சிப் ஃபாத்திமா கஷாயம் தொடங்கிவிட்டது. கருப்பை பலப்பட அதைவிட நல்ல மருந்து இல்லை என்பது மாக் கெல்சொமின் தீர்மானம். கடையில் விற்கும் பொட்டலத்தை அவர் தொடமாட்டார், அதில் வெறும் இலைதான், வேரே கிடையாது என்பார். தானே காட்டுக்குப் போய், தானே காய்ச்சி, மருமகள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, பிறகு டப்பாவைத் திறந்து ஒரு துண்டு வெல்லம் கொடுப்பார். திட்டிக்கொண்டே கொடுத்தாலும் பெரிய துண்டாகப் பார்த்துத்தான் கொடுப்பார்.

பிள்ளை இல்லாததற்குக் குறை அவள் கணவன் ஹம்டானிடம்தான் என்று டவுன் டாக்டர் சொன்ன அன்று, அவன் பஸ்ஸிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். மாக்கிடம் மட்டும் சொல்லிவிடாதே, அம்மா தாங்கமாட்டார் என்றான். நேரம் பார்த்து நானே சொல்கிறேன் என்றான். அந்த நேரம் வரவேயில்லை. இவளும் வாயை மூடிக்கொண்டு, யாருக்கும் பயனில்லாத அந்தக் கசப்பைக் குடித்துக்கொண்டே இருந்தாள். சொல்லித் தொலைத்திருந்தால் மாக் இன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து யாரையாவது வைதுகொண்டிருப்பார். 

வெள்ளைத்துணி சுற்றி, தொழுகை முடிந்து, தூக்குவதற்கு முன்னால் ஹம்டான் படிக்கட்டில் நின்றான். தன் தாய் யார் மனதையாவது நோகடித்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று வழக்கப்படி கேட்டான். மன்னித்தோம் என்றார்கள் எல்லோரும். கூட்டத்தில் ஒரு பெண், பாவம், பேரப்பிள்ளை முகம் பார்க்காமலே போய்விட்டாளே, மலட்டு மருமகளுக்காக உயிரையே கொடுத்துவிட்டாளே என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். ஹம்டான் காதில் அது விழுந்தது. அவன் இப்போதாவது வாயைத் திறப்பான் என்று சல்பியா அவன் முகத்தையே பார்த்தாள். அவன் குனிந்து பாடைக்குத் தோள் கொடுத்தான்.

ஆண்கள் கபுருஸ்தானுக்குப் போனார்கள். அடுக்களை ஆணியில் மாக் கெல்சொமின் தலைத்துணி, பறித்த செடிகளை முடிந்தபடியே தொங்கியது. விழுந்து கிடந்தபோதும் அவர் கையிலிருந்து விடாத மூட்டை அது. சல்பியா அதை அவிழ்த்து, செடிகளை வேரோடு அலசி, பானையில் போட்டு அடுப்பை மூட்டினாள். இரவு ஓதலுக்கு வருகிறவர்கள் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாக் யாம் நிமிர்ந்து பார்த்தாள். இன்றைக்குக்கூட இவளுக்கு இந்த மருந்துதான் பெரிதாகப் போய்விட்டதா என்று கேட்டது அந்தப் பார்வை. சல்பியா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

ஹம்டான் கால் நிறையக் கபுருமண்ணோடு வந்து அடுக்களைத் தரையில் உட்கார்ந்தான். குடிக்க ஏதாவது கொடு என்றான். அவள் கஷாயத்தை வடிகட்டிக் கிளாஸில் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

“என்ன இது?”

“மாக் கடைசியாப் பறிச்சது.”

“இது பொம்பளைங்க மருந்தாச்சே.”

“ஆமா, அபாங். அது மாக்குக்குத் தெரியும். நம்ம வீட்ல மருந்து யாருக்கு வேணும்னுதான் தெரியாது.”

மாக் யாமின் கத்தி நின்றது. ஹம்டான் சல்பியாவைப் பார்த்தான், பிறகு கிளாஸைப் பார்த்தான். மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு கையாலும் எடுத்து, அடியில் இருந்த மண்டிவரை குடித்தான். கிளாஸைக் கீழே வைத்தான். முகம் கோணி, வெல்ல டப்பா இருந்த பக்கம் திரும்பினான்.

மாக் யாம் வெங்காயக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் டப்பாவைத் திறந்தாள். துழாவிப் பெரிய துண்டாக ஒன்றை எடுத்தாள். அவனைத் தாண்டி வந்து, அதைச் சல்பியாவின் கையில் வைத்தாள்.